செத்த காலேஜும் கடற்பஞ்சும்

பழைய சென்னைவாசிகளுக்கு இரண்டு காலேஜ்கள் தெரியும். இரண்டிலும் பட்டம் தர மாட்டார்கள். எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. எங்கள் குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி போய் பஸ் மாறிப் பட்டணம் பார்க்கப் போனவர்கள், இந்த இரண்டையும் பார்க்காமல் திரும்பினால் ஊரில் கேலி செய்வார்கள்.

அருங்காட்சியகம் 1851-ல் நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் தொடங்கியது. காலேஜ் என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது என்பார்கள். அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். பாடம் செய்த மிருகத்தைப் பார்க்க வரும் கூட்டம் உயிருள்ள மிருகம் இருந்தால் இன்னும் எவ்வளவு வரும் என்று யோசித்து, 1855-ல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையைத் தொடங்கினார். அதுதான் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூருக்கும் போனது. ஆக, உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் வயிற்றில்தான்.

நான் இன்று எழுத வந்தது புலி சிங்கத்தைப் பற்றி அல்ல. செத்த காலேஜில் கண்ணாடிச் சீசாவுக்குள் இருந்தும் யாரும் நின்று பார்க்காத ஒரு பிராணியைப் பற்றி. கடற்பஞ்சு. ஆங்கிலத்தில் ஸ்பாஞ்ச். பள்ளிப் புத்தகத்தில் 'துளையுடலிகள்' என்று படித்திருப்பீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கடற்பாசி வேறு, அது தாவரம் போன்றது, அதிலிருந்துதான் அகர் அகர் எடுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று தருவது கணவாயின் ஓடு. கடற்பஞ்சு இரண்டும் அல்ல. வாய் கிடையாது, வயிறு கிடையாது, நரம்பு கிடையாது, இருந்தாலும் விலங்கு. உடம்பெல்லாம் சல்லடை மாதிரிச் சின்னத் துளைகள். அவற்றின் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் இருப்பதைத் தின்றுவிட்டு, மேலே உள்ள பெரிய துளை வழியாக வெளியே தள்ளும். இவ்வளவுதான் அதன் வாழ்க்கை. ஆனால் அந்த வேலை நீண்ட நேரம் நிற்கக் கூடாது.

1885-ல் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தவர் எட்கர் தர்ஸ்டன். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி எழுதினாரே, அவரேதான். அந்தப் பெயருக்கு முன்னால் அவருக்குக் கடல் பைத்தியம் இருந்தது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய், முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பார்த்து, கடலடியில் கிடைத்ததையெல்லாம் சேகரித்து வந்தார். பஞ்சுகளைச் சாராயத்தில் போட்டு லண்டனுக்கு அனுப்பினார். அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆர்தர் டெண்டி என்ற இளைஞர் அவற்றை வகைப்படுத்தினார். சென்னைக் கடற்பஞ்சுகளைப் பற்றி டெண்டியின் கட்டுரை 1887-ல் வந்தது. மன்னார் வளைகுடாவிலிருந்து போன இரண்டாவது மூட்டையைப் பற்றி 1889-ல் இன்னொன்று. நம் கடலில் இருந்த பஞ்சுகளுக்கு லத்தீன் பெயர் வைத்தவர், அந்த மூட்டைகள் வந்தபோது, இந்தப் பக்கத்துக் கடலையே பார்த்ததில்லை. சாராயத்தில் ஊறி வெளுத்துப்போன துண்டுகள்தான் அவர் மேஜைக்கு வந்தன.

அரசாங்கத்துக்குப் பஞ்சின் மேல் என்ன அக்கறை? பஞ்சின் மேல் இல்லை, முத்தின் மேல்தான். இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களில் 1891-க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் குளிப்பே நடக்கவில்லை. சிப்பி ஏன் அழிகிறது என்று பார்க்க வில்லியம் ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் 1902-ல் இலங்கை வந்தார். கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல், பிற்பாடு நம் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்தவர். அவர்கள் சேகரித்த பஞ்சுகளும் டெண்டியிடமே போயின. 1905-ல் வந்த அவருடைய அறிக்கையில் ஒரு புதுப் பஞ்சு இருக்கிறது. முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்து அதற்குள்ளேயே குடியிருக்கும் ஜாதி. சுண்ணாம்பை அரித்து அரித்து ஓட்டை அப்பளம் மாதிரி நொறுங்க வைத்துவிடும். சங்கையும் விடாது, பவளப் பாறையையும் விடாது. பார்ப்பதற்கு ஓட்டின் மேல் ஊசியால் குத்தியது போல் சில புள்ளிகள் மட்டும் தெரியும். இவ்வளவு சாதுவான பிராணி கல்லைத் துளைக்கும் என்றால் நம்ப முடிகிறதா?

நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஆய்வக உதவியாளனாக இருந்தவன். பிராக்டிகல் பரீட்சைக்கு 'ஸ்பாட்டர்' வரிசையாக அடுக்கி வைப்பது என் வேலை. முதல் மேஜையில் எப்போதும் பஞ்சு வகையறா: சைகான், யூப்ளெக்டெல்லா, ஸ்பாஞ்சில்லா, யூஸ்பாஞ்சியா. மாணவர்கள் அந்த மேஜையை மூன்று நிமிடத்தில் கடந்து போவார்கள். சைகான் ஒன்றரை அங்குலம்கூட இருக்காது. சாயம் போன பஞ்சுத் திரி மாதிரி சீசாவின் அடியில் கிடக்கும். மற்றதையெல்லாம் ஃபார்மலினில் வைத்தாலும் இதை மட்டும் சாராயத்தில்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். காரணம் உண்டு. சைகானின் உடம்பைத் தாங்கி நிற்பது சுண்ணாம்பு முட்கள். பழைய ஃபார்மலின் புளித்துப்போய் அமிலமாகிவிடும், முட்கள் கரைந்துவிடும். வேறு பல பஞ்சுகளுக்குக் கண்ணாடி முட்கள். மணலில் இருக்கும் அதே சிலிக்கா. குளிக்கப் பயன்படும் பஞ்சுக்கு முள்ளே கிடையாது, நார் மட்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த ஜந்து விலங்குதான் என்று கண்ணால் பார்த்துச் சொன்னவர் எடின்பரோவில் இருந்த ராபர்ட் கிராண்ட். சார்லஸ் டார்வின் மாணவனாக அங்கே போனபோது அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியவர் இவர். 1820-களில், உயிருள்ள பஞ்சின் ஒரு கிளையைக் கொஞ்சம் கடல்நீரோடு ஒரு கடிகாரக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பின் கீழே பார்த்தார். பெரிய துளையிலிருந்து தண்ணீர் ஊற்று மாதிரிப் பீய்ச்சி வெளியே வந்துகொண்டிருந்தது. அதுவரை பல பேர் அதைத் தாவரம் என்றே நினைத்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், ஒரு வீட்டுக்குள் கடற்பஞ்சை உயிரோடு வைத்து ரசித்தவர்களில் அவரும் ஒருவர். பாத்திரம் உள்ளங்கை அகலம்தான். ஆனால் கடல் பக்கத்திலேயே இருந்தது, புதுத் தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் கிடைத்தது.

நம் சென்னையிலும் அப்படி ஒரு இடம் இருந்தது. 1909-ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். அதற்குப் பின்னாலும் தர்ஸ்டனின் அருங்காட்சியகம்தான். நாட்டிலேயே முதல் மீன் காட்சிசாலை அது. 1919 வரை அருங்காட்சியகத்தின் கையில் இருந்து, பிறகு மீன்வளத் துறைக்குப் போனது. கடற்கரையில் கட்டியதில் ஒரு கணக்கு இருந்தது. கடல் மீன் உயிரோடு இருக்கக் கடல் தண்ணீர் வேண்டும், பழசை வெளியே விட்டுப் புதுசை எடுக்க வேண்டும். 1951-ல் பம்பாயில் திறந்த தாராபோர்வாலா மீன் காட்சிசாலையையும் மரைன் டிரைவில் கடலை ஒட்டித்தான் கட்டினார்கள்.

மெரினாவில் இருந்ததன் முடிவு சோகமானது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலி செய்து ஓடியது. உயிர் காலேஜில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மீன் காட்சிசாலையை அந்த வருடம் மூடினார்கள்; யுத்தம் முடிந்த பிறகும் திறக்கவில்லை. என் அப்பா அதைச் சின்ன வயதில் பார்த்தவர். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய இறால் நடந்து போனதை எண்பது வயதிலும் விரலால் நடந்து காட்டுவார். என் தலைமுறைக்கு அந்த பாக்கியம் இல்லை. 2019-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் ஒருவர் பெரிதாகத் திறந்தபோதுதான் பட்டணத்துக்காரர்களுக்கு மறுபடி கடல் மீனைக் கண்ணாடிக்குள் பெரிய அளவில் பார்க்கக் கிடைத்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. கடலை வீட்டுக்கே கொண்டுவரலாம் என்கிறார்கள். கொளத்தூரில் கலர் மீன் வியாபாரம் பெருகியதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் நன்னீர் மீன். அதிலிருந்து அடுத்த படி உப்புநீர்த் தொட்டி. எங்கள் தெருவில் ஒரு பையன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன், இரண்டு வருடச் சேமிப்பைப் போட்டு இருநூறு லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கணக்கில் உப்பைக் கலக்குகிறான். அவ்வப்போது கடற்கரையிலிருந்து கேனில் கடல் தண்ணீரும் வருகிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், இப்போது முட்டை வைக்கும் பருவத்துக்கு வந்துவிட்டது. சுமார் முப்பது கிலோமீட்டர் உள்ளே, செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், கடல் மீன் முட்டை வைக்கிறது என்றால் எனக்கே ஆச்சரியம்தான்.

போன மாதம் வந்து, "தாத்தா, ஒருத்தர் தெக்கத்திக் கடல்லேருந்து செவப்பு ஸ்பாஞ்ச் கொண்டாந்து தரேங்கறார். கை விரல் மாதிரிக் கிளை கிளையா இருக்கு. வைக்கலாமா?" என்றான். போனில் படம் காட்டினான். குங்குமச் சிவப்பு. சாராயச் சீசாவிலேயே முப்பத்திரண்டு வருடம் பஞ்சைப் பார்த்தவனுக்கு அந்த நிறம் நெஞ்சில் அடித்தது. இருந்தாலும் வேண்டாம் என்றேன். அவனுக்கு அன்று மாலை சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம் காற்று. பஞ்சின் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஓடும் சந்துகள். தண்ணீரை விட்டு ஒரு தடவை வெளியே தூக்கினால் தண்ணீர் வடிந்து, சந்துகளில் காற்று புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி தண்ணீரில் போட்டாலும் அது முழுதாக வெளியே போகாது. காற்று அடைத்த இடத்தில் ஓட்டம் நிற்கும், அந்தப் பகுதி அழுகும். வலையில் வந்து, படகில் கிடந்து, பாலித்தீன் பையில் ரயிலேறி வரும் பஞ்சு எத்தனை தடவை காற்றைப் பார்த்திருக்கும்? பழகினவர்கள் அதைத் தண்ணீருக்குள்ளேயே பாத்திரத்தில் ஏந்தி, தண்ணீருக்குள்ளேயே மாற்றுவார்கள்.

இரண்டாவது சோறு. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பஞ்சு தின்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள பாக்டீரியாவையும், அதைவிடக் கொஞ்சம் பெரிய மிதவை உயிர்களையும், தண்ணீரில் கரைந்திருக்கும் கழிவையும்தான். மீனுக்குப் போடும் தீனி அதற்கு மலை. ஒரு நாளில் தன் உடம்பின் அளவைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு தண்ணீரை அது வடிகட்டும். அவ்வளவு வடிகட்டினால்தான் அதன் வயிறு நிறையும். நல்ல உப்புநீர்த் தொட்டிக்காரன் என்ன செய்கிறான்? ஃபில்டர் வைக்கிறான், ஸ்கிம்மர் வைத்து நுரையை எடுக்கிறான், தண்ணீர் ஸ்படிகம் மாதிரி இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறான். கண்ணாடியில் பழுப்புப் பாசி படிகிறதே என்று தண்ணீரில் உள்ள சிலிக்காவையும் பிடித்து எடுத்துவிடுகிறான். நான் மேலே சொன்ன கண்ணாடி முள் அந்தச் சிலிக்காவில்தான் உருவாக வேண்டும். அவன் தொட்டியைச் சுத்தமாக்கச் சுத்தமாக்க பஞ்சு பட்டினி கிடக்கிறது.

பட்டினி கிடப்பதும் வெளியே தெரியாது. மீன் என்றால் மிதக்கும், நண்டு என்றால் கவிழும். பஞ்சு மாதக்கணக்கில் அதே இடத்தில், அதே நிறத்தில் நின்றபடியே சாகும். ஒரு நாள் மேலே வெள்ளைப் படலம் தெரியும். அப்போது உள்ளே பாதி அழுகியிருக்கும். கடலில் ஒரு பஞ்சு அழுகினால் அலை கொண்டுபோகும். இருநூறு லிட்டரில் அழுகினால் அம்மோனியா ஏறும். சில ஜாதிகள் எதிரிகளை விரட்ட உடம்பிலேயே விஷம் வைத்திருக்கும், அதுவும் கசியும். (அந்த விஷத்தை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். 1950-களின் தொடக்கத்தில் கரீபியன் பக்கத்துப் பஞ்சு ஒன்றில் பெர்க்மன் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பொருள்களின் வழியில்தான் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் சைட்டாரபின் என்ற மருந்து வந்தது.) அந்தப் பையனின் கோமாளி மீன் ஜோடி ஒரே ராத்திரியில் போய்விடும்.

மூன்றாவது, அது எங்கிருந்து வருகிறது என்பது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பி. ஏ. தாமஸ் என்ற விஞ்ஞானி மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பஞ்சுகளைப் பல வருடம் ஆராய்ந்தார். 1985-ல் வெளிவந்த அவருடைய நூற்பகுதியில் 275 இனங்கள் இருக்கின்றன. தர்ஸ்டன் மூட்டை கட்டி அனுப்பிக் கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, இந்த மண்ணிலேயே, கடலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருவர் செய்த வேலை. அடுத்த வருடமே, 1986-ல், அந்த வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாயின. 2001-ல் பவளப் பாறைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் புலிக்குச் சமமாகச் சேர்த்தார்கள். சுண்ணாம்பு முள் பஞ்சுகளும் அதே வருடம் வேறொரு பட்டியலில் சேர்ந்தன. பஞ்சு தனியாக வளராது, பெரும்பாலும் பவளத்தையும் பாறையையும் பற்றிக்கொண்டுதான் வளரும். "அடியோடு பேர்த்துத் தரேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த அடி என்ன என்று கேட்க வேண்டும் என்றேன். பையன் போனை எடுத்துப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான். சிவப்பு விரல்களுக்குக் கீழே வெள்ளையாக ஒரு துண்டு இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் மனிதன் பஞ்சை வளர்த்ததே இல்லையா என்றால், வளர்த்திருக்கிறான். 1860-களில் ஆஸ்கர் ஷ்மிட் என்பவர் ஏட்ரியாட்டிக் கடலில் குளியல் பஞ்சைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிவிட்டு வளர்த்துக் காட்டினார். முருங்கைக் கிளையை ஒடித்து நடுவது போலத்தான். இன்று சான்சிபார் தீவில் பெண்கள் கயிற்றில் பஞ்சுத் துண்டுகளைக் கோர்த்து வளர்த்து விற்கிறார்கள். எல்லாமே கடலுக்குள். வெட்டினால் சாகாது, பிழிந்தால்கூடச் சாகாது. 1907-ல் வில்சன் என்ற அமெரிக்கர் உயிருள்ள பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து தனித்தனி செல்லாக்கினார். கடல்நீர்க் கிண்ணத்தில் அந்தச் செல்கள் ஊர்ந்து ஒன்றுகூடி மறுபடி பஞ்சாயின. இவ்வளவு கெட்டி உயிர் சுத்தமான தண்ணீரில் பட்டினியால் சாகிறது!

பஞ்சு வளர்க்கத்தான் வேண்டும் என்றால் நம் ஏரிப் பஞ்சு இருக்கிறதே என்று அவனிடம் சொன்னேன். நன்னீரிலும் பஞ்சு உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. கார்ட்டர் என்ற ராணுவ டாக்டர் பம்பாய்க் குளங்களில் அதை ஆராய்ந்தவர். ஒரு ஜாதிக்கு அவர் பெயரே இருக்கிறது. 1911-ல் நெல்சன் அன்னண்டேல் இந்திய நன்னீர்ப் பஞ்சுகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டை, செங்கல், மதகுச் சுவரில் பச்சையாகவோ சாம்பலாகவோ அப்பியிருக்கும். மோந்து பார்த்தால் ஒரு மாதிரிக் கவிச்சி. கோடையில் ஏரி வற்றும்போது தாய்ப் பஞ்சு செத்துப்போகும். அதற்கு முன்னால் கடுகைவிடச் சின்னதாக, கெட்டி ஓட்டோடு, உள்ளரும்புகளை விட்டுவிட்டுப் போகும். அவை வெயிலில் காய்ந்து கிடந்து, மழைத் தண்ணீர் வந்ததும் உயிர் பிடிக்கும். எங்கள் கல்லூரிக்கு ஸ்பாஞ்சில்லா வேண்டுமென்று நான் இந்தச் சுற்றுவட்டார ஏரிக்கரைகளில் பங்குனி மாதத்தில் குச்சி குச்சியாகப் பொறுக்கியது உண்டு. பையனுக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளை, சிவப்பைப் பார்த்த கண்.

சிவப்புப் பஞ்சை வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டான். முன்பணம் ஐநூறு ரூபாய் போனது போனதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்து கூப்பிட்டான். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள், ஃபில்டர் தண்ணீர் போய்ச் சேரும் இருட்டுப் பெட்டியின் மூலையில், வெள்ளையாக அரிசி மணி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறதாம், பூச்சி முட்டையா என்று பார்க்க வேண்டுமாம். என் பழைய லென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். முழங்கால் மடங்க மறுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஒவ்வொரு மணியும் ஒரு சின்னக் குடம். வாயைச் சுற்றி மெல்லிய முட்கள் கிரீடம் கட்டி நிற்கின்றன. மேலே ஒரே ஒரு துளை.

சைகான் ஜாதி. சீசாவுக்குள் நான் கணக்கில்லாமல் தூக்கி வைத்த அதே ஸ்பாட்டர். கேன் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வந்து, வெளிச்சமும் இல்லாமல், துடைப்பாரும் இல்லாமல், மீன் கழிவு வந்து சேரும் இடமாகப் பார்த்துத் தானே உட்கார்ந்திருக்கிறது. யாரும் காசு கொடுக்கவில்லை, யாரும் பேர்க்கவில்லை. பையன் ஒரு ஸ்கிம்மர் குழாயை அந்தப் பெட்டிக்குள் விடலாம் என்று இருந்தானாம். அதை வேறு பக்கம் மாற்றிக்கொள் என்றேன்.

டார்ச்சை அவன் பிடிக்க நான் எண்ணினேன். பதினொன்று இருந்தது. அதில் ஒன்றின் வாய்க்கு நேராக அவன் சொட்டுக்குழாயால் ஒரு துளி பால் போலக் கலக்கிய தீனியை விட்டான். அந்த வெண்மை ஒரு நொடி நின்று, குடத்தின் வாயிலிருந்து யாரோ ஊதியது போல் மேலே விலகிப் போனது.

"தாத்தா, மூச்சு விடுதா?" என்று கேட்டான்.

"ஆமாடா, அதான் அதோட ஓட்டம்" என்றேன். பிறகு அவன் அம்மா காப்பி கொண்டு வந்தார்.